விசா வரைக்கும் சொல்லித் தருகிறோம், அதற்கு அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்புகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிற ஆளாக, வேலை பார்த்தேன். 2022 அக்டோபரில் என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து ஹாம்பர்க் நகரத்துக்குக் குடிபோனோம். இப்போது ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஈரோடு, கோவை எங்கே போனாலும் சுவரெல்லாம் வெளிநாட்டு வேலை விளம்பரம், உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்திலும் அதுதான். போகிறவர்களைப் போக வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நானே போனவள்தான், திரும்பவும் போகப் போகிறேன். ஆனால் அங்கே போய் இறங்கின பிறகு யாரோடு பழகுவது, எப்படி வேலை தேடுவது என்பதை நம்ம பக்கத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, அதை நான் சொல்லியே ஆகணும்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா மகளுக்கு வர்ற தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ஃபிராங்க்ஃபர்ட்டில் ஐ.டி. வேலை. பெண் எம்.எஸ்சி. படித்துவிட்டு திருப்பூரில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருஷமாக இருக்கிறாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன், திண்ணை பூராவும் சாமான். குக்கர், இட்லித்தட்டு, அரைத்த மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், ஐந்து பட்டுப்புடவை. நான் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க போயி என்ன பண்ணுவ கண்ணு?" என்று கேட்டேன். "தெரியலீங்க அக்கா, போய்ப் பாத்துக்கலாம்னு அவரு சொன்னாருங்க" என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்டவர்களுக்கு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சம்பந்தம் பேசும்போது நம்ம ஆட்கள் எவ்வளவு விசாரிக்கிறார்கள்! மாப்பிள்ளை சம்பளம் எத்தனை, சொந்த வீடா வாடகையா, தோட்டம் எத்தனை ஏக்கர், கிணறா வாய்க்கால் பாசனமா என்பது வரைக்கும் துருவித் துருவிக் கேட்பார்கள். ஆனால் அந்தப் பெண் அங்கே போய் இறங்கின மறுநாள் காலையில், மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு, யாரோடு ஒரு வார்த்தை பேசுவாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அவள் இத்தனை வருஷமாகச் சம்பாதித்தவளாச்சே, அந்த வேலை என்ன ஆகும் என்றும் கேட்கவில்லை. எங்க அம்மா பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து என்னைப் படிக்க வைத்தவர். அவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. ஜெர்மனிக்குக் கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து வாழப் போகிறவர்கள் பொதுவாக ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணிக் காட்டணும். ஆனால் புளூ கார்டு, அதாவது படித்து நல்ல வேலையில் சேர்கிற வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அனுமதி, வைத்திருப்பவரின் துணைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. போன முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகவும் அனுமதி உண்டு. கேட்கும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! பரீட்சை வேண்டாம், வேலைக்கும் போகலாம், வேறென்ன வேணும் என்று நினைத்தேன். அந்தச் சலுகைதான் என்னை மாட்டிவிட்டது. கட்டாயம் என்று இருந்திருந்தால் கோவையில் இருக்கும் கோதே மையத்தில் சேர்ந்து, அடித்துப் பிடித்தாவது நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போயிருப்பேன். ஒரு வார்த்தை தெரியாமல் போய் இறங்கினேன். ஆபீஸில் ஆங்கிலம் போதும் என்பது என் வீட்டுக்காரருக்குச் சரி. மருந்துக்கடையிலும், வீட்டு ஓனரிடமும், தபால்காரரிடமும் அது போதவில்லை.

தபால் என்றதும் ஒரு சம்பவம் சொல்லணும். அங்கே புது வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு பண்ணணும், வீட்டு ஓனர் கையெழுத்திட்ட தாளையும் கொடுக்கணும். அந்தப் பதிவு இல்லாமல் ஒரு வேலையும் நகராது. பதிவு முடிந்த சில வாரத்தில் வரி எண் தபாலில் வரும். சரி, பதிவு பண்ணியாச்சு, காத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஒரு மாதம் ஆச்சு, இரண்டு மாதம் ஆச்சு. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே அபார்ட்மெண்டுகளில் பெரும்பாலும் கதவு எண் போட்டுத் தபால் வராது, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். எங்கள் பெட்டியில் என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் உள்ள அவர் அப்பா பெயர்தான் ஒட்டியிருந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது எங்க அப்பா பெயர். இன்ஷியலை விரித்து எழுதுகிற நம்ம வழக்கத்தில் ஒரே வீட்டில் இருக்கும் புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டு குடும்பப் பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று என் தபால் எல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. அதில் ஒன்று ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடிதம் என்று பின்னால் அவர்களே மெயிலில் சொன்னார்கள். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது.

ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரை எழுதி செல்லோடேப் போட்டு அந்தப் பெட்டியில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஊரில் என் பெயர் இருந்த முதல் இடம் அதுதான்.

முதல் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஹாம்பர்க்கில் காலை எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடும். இடையில் இருக்கிற நேரமும் பாதி நாள் மேகம், தூறல். தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் வெயிலில் சுற்றித் திரிந்த உடம்பு அது. பகல் பதினோரு மணிக்கு லைட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பேன், என்ன செய்ய வந்தேன் என்பது மறந்துவிடும். நம்ம ஊர் நேரம் அப்போது நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும், அதனால் அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக வீடியோ காலில் வருவார். "சாப்டியா சாமி, குளுரு எப்படி" என்பார். நல்லா இருக்கேம்மா என்பேன். பால்கனியில் பனி விழுவதைக் காட்டுவேன். ஃபோனை வைத்த பிறகு சாயங்காலம் என் வீட்டுக்காரர் வரும்வரை என் குரலை நானே கேட்டதில்லை. அவர் வந்ததும் நான் கொட்டித் தீர்ப்பேன், அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார், அது சண்டையில் முடியும். அவர் நல்ல மனுஷர். அவருக்கு நாள் பூராவும் பேச ஆள் இருந்தது, எனக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார், அவ்வளவுதான் விஷயம். ஊரில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. "வெளிநாட்டுல உக்காந்துட்டு என்ன வெசனம் உனக்கு" என்பார்கள்.

வேலைக்கு அந்த ஆறேழு மாதத்தில் ஐம்பது அறுபது விண்ணப்பம் போட்டிருப்பேன். பாதிக்குப் பதிலே இல்லை. நான் அனுப்பிய பயோடேட்டா எல்லாம் நம்ம ஊர் மாதிரி. அப்பா பெயர், பொழுதுபோக்கு, கடைசியில் மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஒரு உறுதிமொழி. அங்கே வருஷம் மாதம் போட்டு அட்டவணையாக எழுதணும், இடையில் நாலு மாதம் சும்மா இருந்தால் அதையும் சொல்லணும். அதைவிடப் பெரிய இடி ஒன்று இருந்தது. பழைய கம்பெனி கொடுக்கும் சான்றிதழ். ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவருக்குக் கம்பெனி ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கத்துக்கு, அவர் என்னென்ன பொறுப்பு பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று விவரமாக எழுதிக் கொடுக்கும். கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. என்னிடம் இருந்தது மூன்று வரி. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இங்கே பணிபுரிந்தார், நடத்தை நன்று. பையரிடமிருந்து, அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, டெக் பேக் என்கிற வடிவமைப்பு விவரம் வந்ததிலிருந்து லேப் டிப் என்கிற சாய மாதிரிக்கு அப்ரூவல், அளவு பார்க்கிற ஃபிட் சாம்பிள், உற்பத்திக்கு முந்தின பி.பி. சாம்பிள், டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் ஓடுவது, கடைசியில் கண்டெய்னர் ஏறுகிற வரைக்கும் தூக்கம் இல்லாமல் பார்த்த ஏழு வருஷ வேலை, அந்த மூன்று வரிக்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். வேலையை விடும் முன்பே என்னென்ன செய்தீர்கள் என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்து, கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். போன பிறகு ஃபோனில் கேட்டால் கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சரி, எப்படி வெளியே வந்தேன் என்று சொல்கிறேன். எங்கள் பகுதி பார்ம்பெக். பக்கத்தில் நகரப் பொது நூலகம் ஒன்று இருக்கிறது. ஹாம்பர்க் நூலகங்களில் வாரம் தவறாமல் ஜெர்மன் பேசிப் பழகுகிற கூட்டம் நடக்கும். காசு கிடையாது, பெயர் பதியவும் வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும். நடத்துகிறவர்கள் எல்லாம் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், ரிட்டையர் ஆனவர்கள் நிறைய. குளிருக்கு ஒதுங்கலாம் என்று நூலகத்துக்குப் போன ஒரு நாள் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். மூன்று வாரம் வெளியே நின்று பார்த்துவிட்டு நாலாவது வாரம்தான் உள்ளே போனேன். வட்டமாகப் போட்ட நாற்காலியில் எட்டுப் பேர். சிரியாவிலிருந்து வந்த ஒரு பையன், உக்ரைனிலிருந்து ஒரு தாயும் மகளும், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு அக்கா. ஹாம்பர்க்கில் ஆப்கன் மக்கள் ரொம்பப் பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் என்னைப் போலவே அரைகுறைப் பேச்சு. அன்றைக்குத் தலைப்பு, உங்கள் ஊரில் காலையில் என்ன சாப்பிடுவீர்கள். இட்லியை விளக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆச்சு, ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை, காத்திருந்து கேட்டார்கள்.

அங்கே ஒரு விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. ஜெர்மனில் நீங்க, நீ என்று இரண்டு இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர், பெரியவர், ஆபீஸ்காரர் எல்லாருக்கும் 'சீ', நெருங்கினவருக்கு 'டூ'. ஆங்கிலம் மட்டும் பேசிப் பழகினவர்கள் இதில் தடுமாறுவார்கள். வாங்க போங்க, ஏனுங்க, ஆமாங்க என்று மூச்சுக்கு மூச்சு 'ங்க' போடும் நமக்கு இது கஷ்டமே இல்லை. அந்தக் கூட்டத்தை நடத்தும் எழுபது வயது அம்மா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஒரு நாள் என்னிடம் "இனிமேல் நாம் டூ சொல்லிக்கொள்ளலாமா" என்று கேட்டார். வயதில் பெரியவர்தான் அதைக் கேட்கணும், அதுதான் அங்கே முறை. நான் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து அவர் அதைக் கேட்டார். எட்டு மாதமா என்று நினைக்காதீர்கள், அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன், ரயிலில் ஏறினால் சந்தோஷம் சீக்கிரம் முடிந்துவிடுமோ என்று இருந்தது.

அந்த அம்மாதான் என்னை ரிப்பேர் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனார். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த பழக்கம் இது, இப்போது பல ஊரில் நடக்கிறது. மாதம் ஒருதரம் ஒரு சமூகக் கூடத்தில் மேசை போட்டு உட்காருவார்கள், உடைந்த ரேடியோ, மிக்சி, கிழிந்த துணி எதுவானாலும் கொண்டு வரலாம், கைவேலை தெரிந்தவர்கள் இலவசமாகச் சரி செய்து தருவார்கள், பக்கத்தில் காபியும் கேக்கும் இருக்கும். தையல் மேசைக்கு ஆள் குறைவாக இருந்தது. எனக்கு மெஷின் மிதிக்கத் தெரியும், அம்மா மடியில் உட்கார்ந்து கற்றது. முதல் நாள் ஒரு வயசானவர் பழைய நீல டி-ஷர்ட் ஒன்றைக் கொண்டுவந்தார், கழுத்துப் பட்டையான ரிப் பிரிந்து தொங்கியது. அதைத் திருப்பிப் போட்டேன். உள்ளே தோளிலிருந்து தோளுக்குப் பின்கழுத்து டேப், கீழே இரட்டை ஊசித் தையல், தொட்டுப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி பனியன் துணி. லேபிளில் மேட் இன் இந்தியா. இந்தியாவிலிருந்து போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது, இதுவும் எங்க ஊராகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. நொய்யல் கரையில் எந்த அக்கா தைத்ததோ. ரிப்பைப் பிரித்து, இழுத்துப் பிடித்து, மறுபடி ஓட்டிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவருக்கு இந்தத் துணி எப்படிப் பின்னுவார்கள், எப்படிச் சாயம் ஏற்றுவார்கள், எத்தனை கை மாறி வரும் என்று சொன்னேன். அந்த ஊருக்குப் போய் முதல்தரம், எனக்குத் தெரிந்ததை ஒருத்தர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அதே மேசையில் என்னோடு தைத்துக்கொண்டிருந்த பெண்மணி ஒரு சின்னத் துணி இறக்குமதி கம்பெனியில் வேலை பார்ப்பவர். நான் பேசியதை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து, எங்கள் இடத்தில் சாம்பிள் பரிசோதிக்க வாரம் மூன்று நாளைக்கு ஆள் வேண்டும், விண்ணப்பம் போடு, நான் சொல்கிறேன் என்றார். அந்த விண்ணப்பத்தை டீச்சர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்தினார். "நீ யார் என்று எழுதாதே, என்ன செய்தாய் என்று எழுது" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நேர்காணலில் என்னிடம் ஐந்து துணியைக் கொடுத்து என்ன குறை என்று கேட்டார்கள், அதற்குப் பெரிய ஜெர்மன் தேவைப்படவில்லை. ஆறு மாதம் தகுதிகாண் காலம் முடிந்து இப்போது முழுநேரம் வேலை. ஐம்பது அறுபது விண்ணப்பத்தில் நடக்காதது, மாதம் ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்த ஒரு தையல் மேசையில் நடந்தது.

நம்ம தமிழ் ஆட்களைப் பற்றியும் சொல்லணும். நாங்கள் மளிகை வாங்கும் கடை இலங்கைத் தமிழர் கடை. 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தலைமுறை அது. நம்மைப் போல விசா வாங்கி, லக்கேஜ் எடை போட்டுக் கிளம்பி வந்தவர்கள் இல்லை. கடைக்கார ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஒரு மாதிரி இருக்கிறியள்" என்று கேட்டு ஒரு நாள் டீ போட்டுக் கொடுத்தார். ஹாம் என்ற ஊரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அவர் குடும்பத்தோடுதான் முதல்தரம் போனோம், கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு எங்க ஊர்ப் பக்கத்துப் பாரியூர் கோயில் ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது. அவர்களிடமிருந்து பெற்ற தெம்பு சொல்லி முடியாது. ஆனால் நம்ம பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்களின் சில வாட்ஸ்அப் குழுக்களில் வேறொன்றையும் பார்த்தேன். எந்த ஊருங்க என்று கேட்டு, அடுத்த கேள்வியாக எந்தக் கூட்டமுங்க, அதாவது எந்தக் குலம், என்று கேட்கிறார்கள். பதில் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அத்தனை கடல் தாண்டி வந்து, தனியாகத் தவிக்கிற ஒரு பெண்ணிடம் இதைக் கேட்கலாமா? எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. தயவுசெய்து அந்தக் கேள்வியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஜெர்மன்காரர்களோடு பழகுவதில் ஆரம்பத்தில் எனக்கு மனசு உடைந்த இடமும் உண்டு. எதிர்வீட்டில் ஒரு தம்பதி. ஒரு நாள் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, நெய் விட்டுச் சுடச்சுட ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன். அந்தப் பெண் கதவை ஒரு முழம் திறந்தார், ஆச்சரியமாகப் பார்த்தார், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நம்ம ஊரில் ஒறம்பரை வந்தால் முதலில் தண்ணிச் சொம்புதான் வரும். எனக்கு அவமானமாகிப் போச்சு. பத்து நாள் கழித்துக் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே அவர்களே செய்த பிளம் ஜாம் பாட்டில், கூடவே ஒரு சீட்டில் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரை மணி, காபிக்கு வரமுடியுமா என்று எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்தா என்று நினைத்தேன். போனோம், மூன்றரைக்குக் கதவு திறந்தது, ஏழு மணிவரை எங்களை விடவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வந்தால் அவர்களுக்குத் திகைப்பு, தேதி குறித்துவிட்டால் அந்த நேரம் முழுக்க உங்களுக்குத்தான். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாள் நான் அந்தக் கதவைப் பார்க்காமல் தலை குனிந்து போயிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் திருப்பூரில் பழைய கம்பெனிக்கு ஒரு நடை போய் வந்தேன். அங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய. ஏழு வருஷம் அவர்கள் லைனைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன். "பீஸ் எத்தனை ஆச்சு" என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்களுக்கும் பாஷை தெரியாது, குளிருக்குப் பதில் வெயில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஞாயிற்றுக்கிழமை போக இடம் கிடையாது. இந்த முறை ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து அரைகுறை இந்தியில் ஊரைப் பற்றிக் கேட்டேன். அவள் ஃபோனை எடுத்து அவங்க வீட்டுக் கோழிக்குஞ்சைக் காட்டினாள். நம்ம ஊர் நூலகங்களில் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் தமிழ் பேசிப் பழகுகிற கூட்டம் வைத்தால் என்ன? நாலு ரிட்டையர்டு ஆசிரியர்கள் மனசு வைத்தால் போதும்.

கல்யாணமாகிப் போகிற பெண்களோடு, இப்போது வேலை தேடிப் போகிற பையன்களும் அதிகம். ஜெர்மனி 2024 ஜூனில் வாய்ப்பு அட்டை என்று ஒன்று கொண்டுவந்தது, படிப்பு, அனுபவம், பாஷைக்குப் புள்ளி போட்டு, ஒரு வருஷம் அங்கே தங்கி வேலை தேட அனுமதிப்பார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். ஆனால் முன்கூட்டியே கையிருப்பு காட்டணும், 2025இல் அது மாதம் 1,091 யூரோ வீதம், வருஷத்துக்கு 13,000 யூரோவைத் தாண்டியது. தோட்டத்தை அடமானம் வைத்து அந்தப் பணத்தைத் திரட்டுகிறார்கள். ஒருத்தரையும் தெரியாமல், ஜெர்மனும் பேச வராமல் போனால் அந்த ஒரு வருஷம் காற்றாய்ப் பறந்துவிடும். முதல் ஆறு மாதம் எனக்கு எப்படிப் போச்சு என்று மேலே எழுதியிருக்கிறேன், எனக்காவது சம்பாதிக்கிற வீட்டுக்காரர் இருந்தார். ஏஜென்ட்டு விஷயத்தில் ஒன்று மட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்கணும், இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் விதிப்படி அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. சேரும். கட்டணம் என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடியோ காலில் சாப்டியா, சம்பளம் வந்துதா என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்னைக்கு யாரைப் பார்த்த, யார்கிட்டப் பேசின என்று கேளுங்கள். ஒருத்தரும் இல்லை என்று பதில் வந்தால், "அனுசரிச்சுப் போ" என்று சொல்லி வைத்துவிடாமல் மறுநாளும் கூப்பிடுங்கள். மாப்பிள்ளைமார்களே, வீடு பார்க்கும்போதே தபால் பெட்டியில் அவள் பெயரையும் ஒட்டுங்கள், முதல் மாதமே மொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அரசாங்க உதவியோடு நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது, 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் அந்த நாட்டுச் சட்டம், வரலாறு. சமையல் ஒரு வேளை தாமதமானால் பரவாயில்லை.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். வெளிநாட்டு வேலை விளம்பரம் வருகிற அதே பக்கத்தில் வாரம் ஒரு கால் பத்தி ஒதுக்குங்கள். ஈரோடு, நாமக்கல், கரூர், பொள்ளாச்சி எல்லாப் பக்கமிருந்தும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். துபாய் போனவர், சிங்கப்பூர் போனவர், நர்ஸ் வேலைக்குப் போன பெண்கள், எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள். முதல் சிநேகிதர் எங்கே கிடைத்தார், முதல் வேலை யார் மூலம் கிடைத்தது என்ற இரண்டு கேள்விக்கு மட்டும் அவர்கள் பதில் எழுதினால் போதும். நானும் எழுதுகிறேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை திங்கட்கிழமையிலிருந்து ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள், கோவைக்கு பஸ்ஸில் போய்வர நேரம் ஆகும் என்று அக்கா முணுமுணுத்தார், அப்புறம் சரி என்றுவிட்டார். கம்பெனியில் வாங்க வேண்டிய கடிதத்துக்கு நேற்று ராத்திரி இரண்டு பேரும் திண்ணையில் சாமான்களை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினோம். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பரிசோதித்தாய், எந்த அளவில் குறை இருந்தால் லாட்டைத் திருப்பி அனுப்புவாய், பையர் ஆடிட் வந்தபோது யார் பேசியது என்று நான் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. "இதெல்லாம் நான் பண்ணுனதுங்களா அக்கா" என்று அந்தத் தாளை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.